கூட இருக்கிற மூணு பேர் யாரு?

சமயநல்லூரில் ரீசார்ஜ், ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவனுக்கு ஊரில் பாதி வீட்டு ரகசியம் தானாக வந்து சேர்ந்துவிடும். ஆதார் நகல் எடுக்க வருகிற அம்மா, "அப்பிடியே இதுல இருக்குற துப்பாக்கி கேமையும் எடுத்து விட்ருங்கண்ணே, அவனுக்குத் தெரியாம" என்று போனை நீட்டுவார். அவர் படியிறங்கிப் போன கொஞ்ச நேரத்தில் அவருடைய மகனே வந்து நிற்பான். "அண்ணே, நூறு ரூபாய்க்கு ஒரு ரெடீம் கோடு." ரெண்டு பேரும் என் வாடிக்கையாளர்கள்தான். எடுத்த கேமைத் திரும்ப இறக்கிக்கொள்ள அவனுக்கு ஐந்து நிமிடம் போதும் என்பதை மட்டும் அம்மாவிடம் சொல்லிவிடுவேன்.

பையன்கள் கையில் இருப்பது பெரும்பாலும் ரெண்டே கேம். ஒன்று சிங்கப்பூர் கரீனா கம்பெனியின் ஃப்ரீ ஃபயர் மேக்ஸ். மற்றது தென்கொரியாவின் கிராஃப்டான் விடுகிற பி.ஜி.எம்.ஐ. "கவர்மென்ட்டே தடை பண்ணிருச்சே, இன்னும் எப்பிடி விளையாடுறாய்ங்க?" என்று கேட்காத ஆள் கிடையாது. நடந்தது இதுதான். 2020 செப்டம்பரில் 118 செயலிகளை மத்திய அரசு தடை செய்தபோது பப்ஜி போனது. அடுத்த ஜூலையில் ஏறக்குறைய அதே ஆட்டம் பி.ஜி.எம்.ஐ. என்ற பெயரில் வந்தது. 2022 ஜூலையில் அதையும் முடக்கினார்கள். 2023 மே மாதம் திரும்பி வந்துவிட்டது. ஃப்ரீ ஃபயருக்கு 2022 பிப்ரவரியில் தடை. அதன் மேக்ஸ் பதிப்பு தப்பித்துக்கொண்டது. தடை வந்த ஒவ்வொரு முறையும் பெற்றோர் பெருமூச்சு விட்டார்கள். பையன்கள் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்துவிட்டு அடுத்த கேமுக்கு மாறிக்கொண்டார்கள்.

ஆட்டம் தெரியாதவர்களுக்காக ஒரு பத்தி. விமானத்திலிருந்து ஒரு தீவில் குதிக்க வேண்டும். ஃப்ரீ ஃபயரில் ஐம்பது பேர், பி.ஜி.எம்.ஐ.யில் நூறு பேர். கிடைத்த ஆயுதத்தைப் பொறுக்கிக்கொண்டு, சுருங்கிக்கொண்டே வரும் வட்டத்துக்குள் கடைசிவரை உயிரோடு நிற்பவர் ஜெயித்தவர். தனியாகவும் ஆடலாம். ஆனால் எங்கள் ஊர்ப் பையன்கள் தனியாக ஆடி நான் பார்த்தது குறைவு. நாலு பேர் சேர்ந்தால் ஒரு ஸ்குவாட். காதில் ஹெட்செட், வாயில் ஓயாத பேச்சு. ஒருவன் அடிபட்டு விழுந்தால் கூட்டாளி ஓடிவந்து எழுப்ப வேண்டும். பத்து நிமிடத்திலிருந்து அரை மணி வரை ஓடும் இந்த ஆட்டத்தைப் பாதியில் நிறுத்திவைக்க வழியே இல்லை.

பெற்றோர் பலருக்குத் தெரியாதது இந்தக் கடைசி விஷயம்தான். நாங்கள் சின்ன வயதில் டிவியில் ஆடிய மாரியோவில் நிறுத்த ஒரு பட்டன் இருந்தது. அம்மா கூப்பிட்டால் அமுக்கிவிட்டு ஓடலாம். இப்போது "சோறு ஆறுது, வாடா" என்கிற குரலுக்கு அவன் எழுந்து வந்தால், மற்ற மூணு பேரும் ஒரு ஆள் குறைவாக நின்று சாக வேண்டும். அம்மா அதை அடங்காமை என்று நினைக்கிறார். அவனோ நண்பர்களை நட்டாற்றில் விட்டுவிட்டு எப்படி வருவது என்று நினைக்கிறான். "இப்பவே வை" என்பதற்குப் பதிலாக, "இந்த மேட்சோட வை" என்று சொல்லிப் பாருங்கள் என்று வருகிறவர்களிடம் சொல்லி வைக்கிறேன். எங்கள் தெருவிலேயே ரெண்டு மூணு வீட்டில் ராத்திரிச் சத்தம் குறைந்திருக்கிறது. குறையாத வீடும் உண்டு.

பெற்றோர் எல்லோரும் ஒரே பாட்டைப் பாடுகிறார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். பரவை மார்க்கெட்டில் கணக்கெழுதப் போகிற ஒரு தங்கச்சி சொன்னது: "முன்னெல்லாம் விளக்கு வச்சதும் தெருத்தெருவாத் தேடிப் போயி இழுத்துட்டு வரணும்ணே. இப்பப் புடிச்சு வெளிய தள்ளுனாலும் போக மாட்டேங்கிறான். மாமா அத்தை வந்தாக்கூட 'வாங்க'ன்னு ஒரு வார்த்தை கெடையாது." அன்றைக்குச் சாயங்காலமே சரக்கு ஆட்டோ ஓட்டுகிற ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் சிரித்தார். "அடப் போங்கண்ணே. வெளிய விட்டா நாலுவழிச் சாலையில வண்டிய முறுக்கிக்கிட்டுத் திரியுறாய்ங்க. என் பய வீட்டுக்குள்ள கெடக்கான்னு தெரிஞ்சாத்தான் நான் நிம்மதியா ராத்திரி லோடு அடிக்க முடியுது." அவர் சொல்வதைத் தட்டிவிட என்னால் முடியவில்லை. திண்டுக்கல் ரோடு நாலுவழி ஆன பிறகு அந்தப் பக்கத்துத் தெருப் பையன் இந்தப் பக்கம் விளையாட வருவது நின்றுபோனது. நாங்கள் கிட்டி அடித்த பொட்டல் இப்போது கல் ஊன்றிய பிளாட். 2024இல் கலைஞர் பெயரில் ஊராட்சிகளுக்கு அரசாங்கம் விளையாட்டுச் சாமான்கள் கொடுத்தது. மட்டையும் பந்தும் பையில் வைத்துக் கொடுக்கலாம். இடத்தை எப்படிக் கொடுப்பது?

மூணாவதாக ஒரு குரலும் உண்டு. கணவர் துபாயில் இருக்கிற ஒரு அக்கா. அவர்கள் வீட்டில் லூடோ கிங் ஓடுகிறது. வெள்ளிக்கிழமை ராத்திரி மகள் இங்கிருந்தும் அப்பா அங்கிருந்தும் காய் உருட்டுவார்கள். "சும்மா போன் போட்டா 'சாப்பிட்டியா, படிச்சியா' இதைத் தாண்டி ரெண்டு பேருக்கும் பேச்சு வராது. இதுல காயை வெட்டிட்டா அப்பனும் மகளும் கத்துற கத்து இருக்கே!" என்றார். அந்த வீட்டில் போய் கேம் உறவைக் கெடுக்கும் என்று யார் சொல்வது?

2020 மார்ச்சில் பள்ளிகளை மூடினார்கள். ஒன்று முதல் எட்டு வரை படித்தவர்களுக்குத் திரும்பத் திறந்தது 2021 நவம்பர் 1ஆம் தேதி. அந்தக் காலத்தில் ஆன்லைன் வகுப்புக்கென்று கடன் வாங்கியாவது வாங்கிய போன்கள்தான் இன்றைக்கு நாம் பிடுங்கப் பார்க்கிற போன்கள். நண்பனைத் தொடக்கூடாது, அவன் வீட்டுக்குப் போகக்கூடாது என்று நாமே சொன்ன மாதங்களில், அவனோடு சேர்ந்து ஓடவும் ஒளியவும் கிடைத்த ஒரே இடம் அந்தத் தீவு. அப்போது மூணாம் வகுப்பு படித்தவர்கள் இப்போது மீசை அரும்பி என் கடைப் படியில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அந்தப் படியைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் நாலைந்து பேர் தோளோடு தோள் உரச உட்காருவார்கள். ஆளுக்கொரு போன், எல்லார் கண்ணும் திரையில். தூரத்திலிருந்து பார்த்தால் ஒருவரையொருவர் கண்டுகொள்ளாத கூட்டம் போலத்தான் இருக்கும். கிட்டப் போய்க் கேட்டால் கதை வேறு. "மாப்ள, மாடியில ஒருத்தன் இருக்கான், அவசரப்படாத. நான் ஸ்மோக் போடுறேன், நீ அவனுக்கு ரிவைவ் குடு." சொல்கிறவன் பள்ளியில் வாயே திறக்க மாட்டான் என்று அவனுடைய டீச்சரே என்னிடம் சொல்லியிருக்கிறார். திரை கீறல் விழுந்த மலிவு போன், அடிக்கடி ஹேங் ஆகும். ஆனாலும் எங்கே குதிப்பது, எப்போது சுடுவது எல்லாம் அவன் சொல்படிதான். அவன் போன் நின்றுவிட்டால் மூணு பேரும் அவனைச் சுற்றி நின்று காவல் காப்பார்கள். இதைப் பார்த்துவிட்டு, கேம் ஆடுகிறவனுக்குக் கூடிப் பழகத் தெரியாது என்று சொல்ல எனக்கு மனசு வருவதில்லை.

ஆனால் அங்கே இல்லாத ஒன்று உண்டு. கிட்டி ஆடும்போது 'புடிச்சது கேட்ச்சா, தரையில பட்டுச்சா' என்று அரை மணி நேரம் சண்டை போடுவோம். சத்தியம் பண்ணுவோம், காய் விடுவோம், மறுநாள் பழம் விடுவோம். நடுவர் கிடையாது என்பதால் நாங்களே பேசித் தீர்த்தாக வேண்டும். தீராவிட்டால் ஆட்டம் இல்லை. போனில் மிஷினே நடுவர். செத்தால் செத்ததுதான், வாதத்துக்கு இடமே இல்லை. வாதாடவும் விட்டுக்கொடுக்கவும் அங்கே பழக முடியாது. இன்னொன்று, தெருவில் அக்கா தங்கச்சியோடு வால் பிடித்து வந்த பொடிசுகளை ஒப்புக்குச் சப்பாணியாகவாவது சேர்த்துக்கொள்வோம். அவுட் ஆனாலும் அவுட் கிடையாது, ஓடிக்கொண்டிருக்கும். இங்கே ராங்க் என்று ஒன்று இருக்கிறது. ஆடத் தெரியாதவனைச் சேர்த்தால் தன் ராங்க் இறங்கும். அதனால் "நூப் பய, கழட்டி விடுடா" என்று ஒரே தட்டில் வெளியே அனுப்பிவிடலாம். அப்படிக் கழற்றிவிடப்பட்ட பையன் ஒருவன் முகம் வெளுத்துப் போய், போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து மற்றவர்கள் ஆடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தான். பெற்றோர் கவலைப்பட வேண்டியது துப்பாக்கிச் சத்தத்தைவிட இதற்குத்தான் என்று எனக்குப் படுகிறது.

சரி, கேம் ஆடுவதால் பிள்ளை ஒதுங்கிப் போகிறானா, ஒதுங்கிய பிள்ளை கேமுக்குள் போய் உட்காருகிறானா? நார்வே நாட்டில் இதைப் பொறுமையாகப் பார்த்திருக்கிறார்கள். 873 பிள்ளைகளை ஆறு வயதிலிருந்து பன்னிரண்டு வயதுவரை ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை கவனித்து, 2019இல் முடிவை வெளியிட்டார்கள். கேம் நேரம் கூடியதால் பையன்களின் பழகும் திறன் குறைந்ததாகத் தெரியவில்லை. பழகுவதற்குத் தடுமாறிய பிள்ளைகள்தான் வருஷம் போகப்போக அதிகம் கேமில் உட்கார்ந்தார்கள். பெண் பிள்ளைகளிடம் மட்டும் ஒரு வித்தியாசம்: பத்து வயதில் அதிகம் ஆடியவர்கள் பன்னிரண்டில் பழகும் திறனில் சற்றுப் பின்தங்கியிருந்தார்கள். அமெரிக்காவின் பியூ ஆராய்ச்சி மையம் 2024இல் வெளியிட்ட கணக்கெடுப்பில், கேம் ஆடும் பதின்வயதினரில் 72 சதவீதம் பேர் தாங்கள் ஆடுவதற்கு மற்றவர்களோடு பொழுதைக் கழிப்பதும் ஒரு காரணம் என்று சொன்னார்கள். 47 சதவீதம் பேருக்கு ஆன்லைன் ஆட்டத்தில் ஒரு நண்பராவது கிடைத்திருக்கிறார். கூடவே 41 சதவீதம் பேர் தூக்கம் கெட்டதாகவும் ஒப்புக்கொண்டார்கள். நேரக் கணக்கு கேட்பவர்களுக்கு இங்கிலாந்தில் 2014இல் வந்த ஓர் ஆய்வு இருக்கிறது. 10 முதல் 15 வயது வரையான பிள்ளைகளில் தினமும் ஒரு மணி நேரத்துக்குள் ஆடியவர்கள், ஆடவே ஆடாதவர்களைவிடக் கொஞ்சம் நன்றாகவே இருந்தார்கள். மூணு மணி நேரத்துக்கு மேல் போனவர்களுக்குச் சிக்கல் கூடியிருந்தது. ரெண்டு பக்கமும் வித்தியாசம் சிறியதுதான்.

சீனாக்காரன் 2021இல் வெள்ளி, சனி, ஞாயிறு, அரசு விடுமுறை நாட்களில் ராத்திரி எட்டிலிருந்து ஒன்பது வரை மட்டும்தான் பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்கள் ஆன்லைன் கேம் ஆடலாம் என்று சட்டமே போட்டான். அதைக் கேட்டதும் என் கடையில் நின்ற ஒரு அப்பாவுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது, சந்தோஷத்தில். நம் ஊரில் பி.ஜி.எம்.ஐ. திரும்பியபோது பதினெட்டுக்குக் கீழே நாளுக்கு மூணு மணி நேரம் என்று வரம்பு வைத்தார்கள். பிள்ளைகள் வயதை மாற்றிப் போட்டுக்கொள்கிறார்கள். தாத்தா போன் நம்பரில் கணக்கு தொடங்கி, தாத்தாவின் வயதையே போட்டுக்கொள்கிறவனும் உண்டு.

இங்கே ஒரு விஷயத்தைப் பிரித்துச் சொல்ல வேண்டும். தமிழ்நாடு அரசு 2022இல் சட்டமன்றத்தில் கொண்டுவந்து 2023 ஏப்ரலில் கவர்னர் ஒப்புதல் பெற்றதும், மத்திய அரசு 2025 ஆகஸ்ட்டில் போட்டதும் ரம்மி போலப் பணம் கட்டி ஆடும் ஆட்டங்களைக் குறிவைத்த சட்டங்கள். ஃப்ரீ ஃபயர் அந்த வகையில் வராது, ஆட்டம் இலவசம். காசு போவது டைமண்ட் வாங்க; முதலில் சொன்ன ரெடீம் கோடும் அதற்குத்தான். டைமண்ட் கொடுத்தால் நல்ல உடுப்பு, துப்பாக்கிக்குப் பளபளப்பு, ஜெயித்ததும் ஆடுகிற ஒரு டான்ஸ். இதெல்லாம் இல்லாமலும் ஆடலாம், ஆனால் சும்மா கிடைக்கிற உடுப்போடு வந்தால் கேலி பண்ணுவார்கள். தீபாவளிச் சட்டைக்கு நாம் அழுதோமே, அதே அழுகைதான். வீட்டில் ஜிபே பின் நம்பர் பிள்ளைக்குத் தெரிந்திருந்தால் இன்றைக்கே மாற்றிவிடுங்கள். பிளே ஸ்டோரில் ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பாஸ்வேர்டு கேட்கும்படி வைத்துக்கொள்ளலாம். 'இலவச டைமண்ட்' என்று லிங்க் அனுப்பி ஏமாற்றுகிற கூட்டமும் இருக்கிறது. பணம் போனால் தாமதிக்காமல் 1930 சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் போன் போடுங்கள்.

பழக்கம் என்றால் யாரோடு என்ற கேள்வி வந்துதானே ஆக வேண்டும். 2021 ஜூனில் தர்மபுரியில் பப்ஜி மதன் கைதானது ஞாபகம் இருக்கலாம். தடை செய்யப்பட்ட கேமை ஆடிக்கொண்டே யூடியூபில் ஆபாசமாகப் பேசினார் என்று வழக்கு. அந்தப் பேச்சைக் கேட்டுச் சிரித்தவர்களில் பள்ளிப் பிள்ளைகள் எத்தனையோ. என் கடைப் படியில் அப்போது புழங்கிய சில வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. அடுத்த வருஷம் நம் மதுரை உயர் நீதிமன்றக் கிளைக்கே ஒரு ஆட்கொணர்வு மனு வந்தது. மகளைக் காணோம் என்று ஒரு தாய் போட்டது. ஃப்ரீ ஃபயர் ஆட்டத்தில் பழக்கமான ஒருவரோடு போயிருக்கலாம் என்பது அவருடைய சந்தேகம். தடை செய்த கேம் இளைஞர்கள் கையில் எப்படி இன்னும் கிடைக்கிறது என்று நீதிபதிகள் கவலைப்பட்டார்கள். அந்தச் செய்தி வந்த வாரம் பெண் பிள்ளை வைத்திருப்பவர்கள் வரிசையாக வந்து கேமை எடுக்கச் சொன்னார்கள்.

பெண் பிள்ளைகள் பற்றி ஒரு வார்த்தை. "எம்பொண்ணு கேம் பக்கமே போறதில்ல" என்று பெருமையாகச் சொல்வார்கள். நல்லதுதான். அவள் சாயங்காலம் தெருவிலும் இல்லை, கண்மாய்க்கரையிலும் இல்லை, என் கடைப் படியிலும் இல்லை. ஏழாம் வகுப்போடு தெருவிளையாட்டு முடிந்துவிட்டது. பையனுக்காவது திரைக்குள்ளே மூணு கூட்டாளிகள் இருக்கிறார்கள். இவளுக்கு? இதைக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறார்கள்.

ஒரு பிள்ளை நிஜமாகவே கட்டுமீறிப் போகிறானா என்று தெரிந்துகொள்ள உலக சுகாதார நிறுவனம் ஒரு வழி சொல்கிறது. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த அதன் நோய்ப் பட்டியலில் கேம் கோளாறும் இருக்கிறது. ஆட்டத்தை அடக்க முடியாமை. சாப்பாடு, படிப்பு, குளியல் எல்லாவற்றையும்விட அதுவே முதலாவதாக ஆகிவிடுவது. கெடுதல் கண்ணுக்குத் தெரிந்தும் தொடர்வது. இவை பொதுவாக ஒரு வருஷம் நீடித்தால்தான் நோய் என்பார்கள். லீவில் பத்து நாள் ஆடியவனை 'அடிக்ட்' என்று சொந்தக்காரர் முன்னால் திட்டுவது அவனை இன்னும் உள்ளே தள்ளும். உண்மையிலேயே சந்தேகம் இருந்தால் மதுரை ராஜாஜி அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 மனநல உதவி எண்ணுக்குக் கூப்பிட்டால் தமிழிலேயே, காசில்லாமல் பேசலாம். பெங்களூரு நிமான்ஸில் இதற்கென்றே 2014இலிருந்து தனி கிளினிக் நடக்கிறது.

பக்கத்துத் தெருவில் கொத்தனார் ஒருவர். மகன் ஒன்பதாவது. "நாலு மணி நேரம் ஆடுறான்ணே, போனை ஒடைச்சுரலாம்னு இருக்கேன்" என்று வந்தார். "கூட ஆடுற மூணு பேரு யாருன்னு தெரியுமா?" என்று கேட்டேன். முழித்தார். மறுநாள் வந்தார். ரெண்டு பேர் வகுப்புப் பையன்கள், அவருக்கே தெரிந்த வீடுகள். மூணாவது ஆளை "சேலத்து அண்ணன்" என்றானாம். பேரும் தெரியாது, வயசும் தெரியாது, எட்டு மாதமாகத் தினமும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். டைமண்ட்கூட அனுப்பியிருக்கிறாராம்.

போனைப் பிடுங்கினால் அந்த அண்ணன் வேறு போனில் வருவார் என்றேன். ரெண்டு பேரும் உட்கார்ந்து யோசித்து ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். இனி ஆட்டம் நடுவீட்டில்தான், ஹெட்செட் கிடையாது, ஸ்பீக்கரில் போட்டுத்தான் ஆட வேண்டும். பத்து மணிக்குப் போன் அம்மா தலைமாட்டுக்குப் போய்விட வேண்டும். பையன் ரெண்டு நாள் சாப்பிடாமல் முறைத்தான். அப்புறம் ஒத்துக்கொண்டான். ஸ்பீக்கரில் அம்மா குரல் கேட்கத் தொடங்கிய வாரத்திலேயே சேலத்து அண்ணன் ஆட்டத்துக்கு வருவது நின்றுவிட்டது. அந்த இடத்துக்கு இப்போது திருப்பூரில் இருக்கிற சித்தப்பா மகனைச் சேர்த்திருக்கிறார்கள். அவனுக்கு ஆடவே தெரியாதாம், இறங்கிய ஒரு நிமிஷத்தில் செத்துவிடுகிறான், இருந்தாலும் கழற்றிவிடவில்லை.

போன வாரம் கொத்தனார் சம்சாரம் கரண்ட் பில் கட்ட வந்தார். "எல்லாம் சரிதாண்ணே. சாயங்காலமானா அவிங்க சுடுற சத்தத்துல ஒரு சீரியல் நிம்மதியாப் பாக்க முடியல. அந்த ஹெட்செட்டத் திரும்பக் குடுத்துரவா?" என்று கேட்டார். வேண்டாம் தாயி, இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துக்கோ என்று சொல்லி ரசீதைக் கிழித்துக் கொடுத்தேன்.